ஆடி மாதத்தில் நிறுத்திய மாத்திரை

சென்ற வாரம் ஷைனி போன் செய்தாள். கிழக்குப் பாலக்காட்டில் நான் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்குப் பிறகு மருந்தகத்தை ஏற்றுக்கொண்டவள்.

"சாரே, அந்த சைடு ரூம் சும்மா கிடக்குது. அங்க குளுக்கோஸ் பெட்டி அடுக்கலாமான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. உங்க ரூமாச்சே, ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யலாம்னு."

"அடுக்கும்மா. என் ரூமுன்னு எழுதியா வச்சிருக்கு?" என்றேன்.

அவள் விடவில்லை. இப்போது அந்தக் கதவைத் தட்ட யாரும் வருவதில்லையாம். போனில் அமுக்கினால் மாத்திரையைக் கூரியர்காரர் பழுப்புப் பெட்டியில் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிடுகிறார். "வாங்கித் தின்னுட்டுத் தலை சுத்தி விழுந்தா மட்டும் இங்க வராங்க. அவங்ககிட்ட எப்படிப் பேசுறதுன்னு எழுதிக் குடுங்க சாரே. எனக்கு வாய் வரமாட்டேங்குது."

எனக்கும் முதலில் வாய் வரவில்லைதான். அதனால் எழுதுகிறேன். விஷயம் ஆண்களுக்கான ஒரு மாத்திரை. பஸ் நிலையச் சுவர்களில் 'துரித ஸ்கலிதம்' என்று சிவப்பு எழுத்தில் லாட்ஜ் வைத்தியர்கள் விளம்பரம் ஒட்டியிருப்பார்களே, அதே கோளாறுக்கான மாத்திரை. முகம் சுளிப்பவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

மாட்டுப்பட்டிப் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான ஒட்டுச்சுவர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். தகப்பனாரும் தாயாரும் தேயிலைத் தொழிலாளிகள். பங்குச் சாமியார் புண்ணியத்தில் மதுரையில் பார்மஸி படித்தேன். திரும்பி வந்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சில வருடம் காய்ச்சல் மாத்திரையும் இருமல் மருந்தும் கொடுத்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. லயத்தில் ஒருவர் தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் "ஏல, சளி பிடிச்சிருச்சா?" என்று கேட்பார். அப்படிப்பட்ட இடத்தில் குடும்பம் நடத்துகிற ஆண்பிள்ளை எதையும் சத்தமில்லாமல் சீக்கிரம் முடிக்கத்தான் பழகியிருப்பான் என்று பின்னாளில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருமுறை சொன்னார். யோசித்துப் பார்த்தேன், மறுக்க முடியவில்லை.

பிறகு மலையிலிருந்து இறங்கி வாளையாரில் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தேன். செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும் காலம். காகிதம் சரிபார்த்து முடியும்வரை டிரைவர்கள் கடைப்பக்கம் வந்து நிற்பார்கள். தலைவலி மாத்திரை கேட்பவர் உரக்கக் கேட்பார். இந்த மாத்திரையைக் கேட்பவர் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டே, "அதுங்க" என்பார். கடைக்காரரும் ஒரு கேள்வி கேட்காமல் உறையில்லாமல் உதிரியாக எடுத்துக் கொடுப்பார். டாபாக்ஸெடின் என்பது மருந்தின் பெயர். வேண்டியபோது மட்டும், கொஞ்ச நேரம் முன்னதாக, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். குடித்திருக்கக் கூடாது. அந்த மாத்திரை சிலருக்கு எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும்.

நாமக்கல் போகிற டிரைவர் ஒருவர், பல வாரம் கழித்து வீட்டுக்குப் போகும் உற்சாகத்தில், இரண்டு மாத்திரையை ஒன்றாகக் கள்ளில் முழுங்கிவிட்டு வண்டியில் படுத்தார். வரிசை நகர்ந்ததும் கிளீனர் எழுப்பியிருக்கிறார். கேபினிலிருந்து குதித்தவர் நின்ற கையோடு மயங்கி விழுந்து, பம்பரில் மோதி முன்பற்கள் போயின. உயிர் போகாதது அவர் நல்ல நேரம். கடைக்காரர், "கள்ளு பண்ணுன வேலை" என்று கணக்கை முடித்துவிட்டார். எனக்கு அங்கே அதற்கு மேல் இருக்கப் பிடிக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது.

அங்கே எனக்கு மேலதிகாரி லீலாம்மா டாக்டர். திருவல்லாப் பக்கத்துக்காரர். பொது மருத்துவர்தான், மனநல மருத்துவரோ வேறு எதுவோ அல்ல. கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் வரும், மலையாள வாசத்தோடு. அவரிடம் ஒரு குணம்: எந்த நோய்க்கும் குரலைத் தாழ்த்த மாட்டார். "இருமல் எவ்வளவு காலமா?" என்று கேட்கிற அதே குரலில், "விந்து சீக்கிரம் வந்துடறதா?" என்று கேட்பார். ஆறடி ஆள்கள் அந்தக் கேள்வியில் மின்விசிறியைப் பார்ப்பார்கள். அவர் அவசரப்பட மாட்டார். விசிறியிலிருந்து கண் இறங்கும்வரை காத்திருப்பார்.

மருந்தகத்தின் ஜன்னல் பொதுவரிசையில் இருந்தது. அங்கே நின்று நான் எதைச் சொன்னாலும் பின்னால் நிற்கிற பத்துப் பேருக்குக் கேட்கும். அதனால் மருந்தகத்தை ஒட்டிய சிறிய அறைக்கு வெளியிலிருந்து ஒரு கதவு வைக்கச் சொல்லி, இந்த நோயாளிகளை அந்த வழியாக வரச் செய்தார். ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு பானைத் தண்ணீர். அதுதான் ஷைனி சொன்ன சைடு ரூம்.

அங்கே நடைமுறை மாறவே மாறாது. முதலில் ஆளைக் கட்டிலில் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்ப்பார். அதற்காகக் கையில் சுற்றிய பட்டையைக் கழற்ற மாட்டார். கையில் பட்டையோடு எவனும் எழுந்து ஓட மாட்டான் என்பது அவர் கண்டுபிடிப்பு. அப்படியே கேள்விகள் தொடங்கும். கல்யாணமான நாளிலிருந்தே இப்படியா, இடையில் வந்ததா? சர்க்கரை உண்டா, தைராய்டு உண்டா, நெஞ்சு வலி வந்ததுண்டா? கள்ளு உண்டா? வேறென்ன மாத்திரை? யாராவது மயங்கி விழுந்த குடும்பமா? வீட்டில் அவளிடம் பேசினாயா? கடைசிக் கேள்விக்கு ஏறக்குறைய எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அப்புறம் எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி அழுத்தம் பார்ப்பார். நின்றதும் அளவு சரிகிறவர்களுக்கு டாபாக்ஸெடின் கிடையாது, கையெடுத்துக் கும்பிட்டாலும் கிடையாது.

நான் சொல்லப் போகிறவர் அப்படிச் சரிந்தவர். பெயரும் ஊரும் மாற்றிச் சொல்கிறேன். கதிரேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் மாடுகளும் உள்ள கவுண்டர் குடும்பம். தை மாதம் கல்யாணம். பெண் பொள்ளாச்சிப் பக்கம், பெயர் பவித்ரா. வைகாசியில் அவர் சைடு ரூம் கதவைத் தட்டினார். நல்ல உயரம், சலவைச் சட்டை. தேங்காய் விலையைப் பற்றி முக்கால் பேச்சும் வந்த காரியத்தைப் பற்றிக் கால் பேச்சும் பேசினார்.

டாக்டர் அவருக்குத் தினசரி மாத்திரை எழுதினார். பாராக்ஸெடின், குறைந்த அளவு. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மருந்துதான் அது. விந்து வருவதைத் தாமதப்படுத்துவதும் அதன் குணம், ஆகவே இதற்கும் டாக்டர்கள் எழுதுவார்கள். உடனே கேட்காது, வாரங்கள் ஆகும். "நீங்களா நிறுத்தக் கூடாது. நிறுத்தணும்னா இங்க வரணும்" என்று டாக்டர் சொன்னார். உறையில் போட்டுக் கொடுக்கும்போது நானும் சொன்னேன். "சரிங்க, சரிங்க" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தாயார் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று மாத்திரைப் பட்டையை எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம். ஆனியில் வந்தபோது தேங்காய் விலையைப் பற்றிப் பேசவேயில்லை. "பரவால்லீங்க" என்று சிரித்தார். மருந்து வேலை செய்கிறது என்று எங்களுக்கு விளங்கியது.

ஆடி வந்தது. மலையாளிக்கு அது கர்க்கடகம். மழை மாதம், மருந்துக் கஞ்சி காய்ச்சி உடம்பைத் தேற்றுகிற மாதம். இருக்கிற மருந்தெல்லாம் அந்த மாதத்தில்தான் சாப்பிடுவார்கள். தமிழனுக்கு அது புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற மாதம். பவித்ராவையும் அழைத்துப் போனார்கள். கதிரேசன் தமிழ்க் கணக்குப் போட்டார். பெண்டாட்டி வீட்டில் இல்லை, பிறகு எதற்கு மாத்திரை? நிறுத்திவிட்டார்.

இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் சிலரைப் படாத பாடு படுத்தும். தலை சுற்றும், குமட்டும், மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டும், கெட்ட கனவு வரும், தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். அவருக்கு அத்தனையும் வந்தது. சூடு என்றும் பித்தம் என்றும் எண்ணிக்கொண்டு, ஆடிப் பதினெட்டுக்கு மாமனார் வீட்டு விருந்துக்குப் போனார். இலையில் உட்கார்ந்தவரை மச்சான் ஏதோ கேலி செய்திருக்கிறார். கல்யாணமான புதிதில் எல்லா வீட்டிலும் நடக்கிற கேலிதான். கதிரேசன் பாயச டம்ளரைச் சுவரில் வீசியடித்துவிட்டு, எழுந்தவர் அப்படியே வாந்தியெடுத்துச் சாய்ந்தார். தூக்கிப் படுக்க வைக்கும்போது சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டை விழுந்தது. மச்சான் அதன் பெயரைப் போனில் தட்டிப் பார்த்தார். மனநோய் மருந்து என்று வந்தது. அவ்வளவுதான். பைத்தியத்தை மறைத்துப் பெண்ணைக் கட்டிவிட்டார்கள் என்று வீடே கொந்தளித்தது.

மறுநாள் முற்பகலில் மாமனாரும் மச்சானும் கதிரேசனைக் காரில் போட்டுக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். மாமனார் ஐம்பது தாண்டியவர், வெள்ளை வேட்டி, அதிகம் பேசாதவர். பேச்செல்லாம் மச்சான்தான். "என்ன வியாதின்னு இன்னிக்கு வாயால சொல்லோணும். இல்லாட்டி புள்ளைய நாங்க கூட்டீட்டுப் போறதுதான். இனி அனுப்ப மாட்டோம்."

டாக்டர் அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதிரேசனைச் சைடு ரூமில் படுக்க வைத்துக் கையில் அழுத்தப் பட்டையைக் கட்டினார். நானும் இருந்தேன்.

"மருந்து நிறுத்தியோ?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"அவ ஊட்ல இல்லீங்களே டாக்டர். ஆடியில்லீங்களா? வெறும் ஊட்ல எதுக்குங்க அது?"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கர்க்கடகத்தில் மருந்து நிறுத்தறதா?" நான் ஆடி வழக்கத்தை விளக்கினேன். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "இத்தனை வருஷம் இங்கே இருக்கேன் சூசை. ஒருத்தரும் இது சொல்லலையே." அவர் கோபம் யார் மேல் என்று தெரியவில்லை.

பிறகு கதிரேசனிடம் நிதானமாகச் சொன்னார். இது பைத்தியம் இல்லை, மருந்தைச் சட்டென்று நிறுத்தியதால் வந்த கோளாறு. மறுபடி தொடங்கினால் தெளிந்துவிடும். ஆனால் மருந்து எதற்கு என்று மாமனாரிடம் சொல்ல டாக்டருக்கு உரிமை கிடையாது. அவர் சம்மதித்தால் மட்டும் சொல்லலாம்.

"வேண்டாமுங்க" என்றார் கதிரேசன்.

"பெண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"தெரியுங்க. பைத்தியம்னா பாவம்னு உடுவாங்க. இது தெரிஞ்சுதுன்னா சந்தையில, கல்யாண ஊட்ல, போற பக்கமெல்லாம் சிரிப்பாங்க. நான் பைத்தியமாவே இருந்துட்டுப் போறனுங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவன் நான். பைத்தியம் என்ற பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அழுத்தப் பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனபோது, சைடு ரூமின் வெளிக்கதவுப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள். காரிலேயே இருக்கச் சொன்னார்களாம், இருக்க முடியவில்லையாம். பவித்ரா என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"ஏனுங்க, அது பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரைங்களா?"

"நான் சொல்லக் கூடாதும்மா. அவருகிட்டதான் கேக்கணும்."

"எப்ப இருந்துங்க சாப்புடறாரு?"

"அதையும் அவருகிட்டதாம்மா கேக்கணும்."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு தனக்குத்தானே, "வைகாசிக் கடைசி" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. கல்யாணமானதிலிருந்து அதுவரை எப்படி இருந்தது, அதன்பின் எப்படி மாறியது என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தானே தெரியும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. "நான் உள்ள போலாமுங்களா?" என்றாள். புருஷனைப் பார்க்கப் போகிறவளைத் தடுக்க எந்த விதியும் இல்லை. வழியை விட்டேன்.

உள்ளே அதற்குள் மாமனாரும் மச்சானும் வந்து நின்றிருந்தார்கள். டாக்டர், "இவருக்கு மனசில் ஒரு நோயும் இல்லை. இந்த மருந்து பல காரியத்துக்குக் கொடுப்போம். எந்தக் காரியம்னு நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சான் போனை நீட்டினார். "இதுல போட்டிருக்குதுங்களே! இத விடப் பெரிய டாக்டருங்களா நீங்க?"

கதிரேசன் எழுந்து உட்கார்ந்தார். "மாமா, எனக்கு மனசு சரியில்லீங்க. உங்க புள்ளைய நீங்க கூட்டீட்டுப் போயிருங்க."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பறம் பேச என்ன இருக்குது" என்று திரும்பினார். எதிரே மகள் நின்றிருந்தாள்.

"இல்லீங்கப்பா" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "அது பைத்தியத்துக்கு இல்லீங்கப்பா. அது எங்க ரெண்டு பேருக்கும் சேத்திக் குடுத்த மாத்திரை. அவரு முழுங்குறாரு, அவ்வளவுதான். இதுக்கு மேல யாரும் கேக்க வேண்டாமுங்க."

மச்சானுக்கு மட்டும் எட்டவில்லை. "ரெண்டு பேருக்கும் சேத்தின்னா? எதுக்கு? உனக்கென்ன பைத்தியமா?"

"வாய மூடுறா" என்றார் மாமனார். நான் கேட்ட வரையில் அன்று அவர் உரக்கப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். "வெளிய வா." மகனின் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். போகிற போக்கில், மருமகனைப் பார்க்காமல், அவர் தோளில் ஒருமுறை கையை வைத்து எடுத்தார்.

பவித்ரா கட்டிலோரம் உட்கார்ந்தாள். "ஏனுங்க, எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள். டாக்டர் எனக்குக் கண்ணைக் காட்டினார். இரண்டு பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

மருந்தை மறுபடி தொடங்கினோம். சில நாளில் தெளிந்தார். மாத்திரை வாங்க அதன்பின் இருவருமாகவே வந்தார்கள், உறையை அவள்தான் கை நீட்டி வாங்குவாள். பல மாதம் கழித்து டாக்டர் மெல்ல மெல்ல அளவைக் குறைத்து நிறுத்தினார். சைடு ரூம் கேள்விகளில் ஒன்று கூடியது. தமிழ் வீட்டு ஆண் என்று தெரிந்தால் கேட்பார்: "முதல் ஆடி வரப் போறதா?" ஷைனி, எழுதிக்கொள். பழுப்புப் பெட்டி அதைக் கேட்காது.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அதே வருடம் ஐப்பசியில் ஒருநாள், வரிசை எல்லாம் கரைந்தபின் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டி. பவித்ராவின் அப்பா. மகள் நலமா என்று கேட்டேன். நலம் என்றார். மருமகன் நலமா என்றேன். நலம் என்றார். பிறகு கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாளையாரில் அந்தப் பார்வையை நிறையப் பார்த்தவன் ஆகையால் காத்திருந்தேன்.

"மாப்ளைக்குக் குடுத்தீங்களே. என்ற வயசுக்கும் அது உண்டுங்களா?"

"டாக்டர் பாத்துட்டுதான் சொல்லணும். எவ்வளவு காலமா இருக்கு?"

"கண்ணாலமான நாள்ல இருந்துங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இதுக்கு மருந்து இருக்குதுன்னே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எம்புள்ள ரெண்டு பேருக்கும்னு சொன்னா பாருங்க, அன்னீல இருந்து ஒரே வெசனமுங்க. இத்தன வருசம் என்ற பொண்டாட்டிகிட்ட இதப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. அவளும் கேட்டதில்ல."

"அவங்க ஊர்ல இருக்காங்களா?"

அவர் திரும்பி வெளியே பார்த்தார். புளியமரத்தடியில் கார் நின்றது. பின் இருக்கையில் ஓர் அம்மாள், மடியில் தேங்காய் பழக் கூடையோடு, ஆஸ்பத்திரிப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"கோயிலுக்குன்னு சொல்லிக் கூட்டியாந்துட்டனுங்க. இங்க எதுக்கு நிறுத்தியிருக்குதுன்னு இன்னும் சொல்லலீங்க."

"சொல்லிக் கூட்டிட்டு வாங்க. இந்தப் பக்கமா" என்றேன். அவர் காரை நோக்கி நடந்தார். நான் போய் சைடு ரூம் வெளிக்கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வைத்தேன்.